பெர்லினில் முதல் செமஸ்டர்: தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு

ஓசூர், பர்கூர், தர்மபுரி பக்கம் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஜெர்மனிக்குக் கிளம்பும் பிள்ளைகள் இப்போது நிறைய. சிலர் ஒரே ஒரு செமஸ்டர் பரிமாற்றத்துக்கு வருகிறார்கள், சிலர் மாஸ்டர்ஸ் படிக்க. எப்படி வந்தாலும் பெர்லினில் முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கிளம்பும் முன் என்னிடம் பேசுகிறவர்கள் குளிரைப் பற்றியும் பார்ட் டைம் வேலையைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். அவை இரண்டையும் சமாளித்துவிடலாம். திணறிப் போகிறவர்கள் ஒழுங்கான முகவரி இல்லாமல் வந்து இறங்குகிறவர்கள்தான். அதனால் இங்கே வீட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறினால் 14 நாட்களுக்குள் அந்த முகவரியை அரசிடம் பதிய வேண்டும். அதற்கு அன்மெல்டுங் என்று பெயர். நம் ஊரில் ஆதார் இல்லாமல் எதுவும் நகராதது போல இங்கே இந்தப் பதிவு இல்லாமல் எதுவும் நகராது. பெரும்பாலான வங்கிகள் கணக்குத் தொடங்க இதைக் கேட்கும். வருமான வரி எண் இந்தப் பதிவுக்குப் பிறகுதான் தபாலில் வரும்; அது இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தால் சம்பளத்தில் அதிகபட்ச வரியைப் பிடித்துவிடுவார்கள். விசா காலத்தைத் தாண்டித் தங்குகிறவர்கள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதும் முதலில் நீட்ட வேண்டியது இந்தத் தாளைத்தான்.

பதிவு செய்யும் இடம் பியூர்கராம்ட் என்கிற அலுவலகம். கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் பகுதியின் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, பெர்லினுக்குள் எந்த பியூர்கராம்டிலும் பதியலாம். ஆன்லைனில் நேரம் வாங்குவதுதான் கஷ்டம். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், ரத்தான நேரங்கள் அப்போது வந்து விழும். 115 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று ஆகிய மூன்றும் கையில் வேண்டும். படிவத்தில் மதம் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ எழுதுகிறவர்களுக்கு, பின்னால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்தால் சர்ச் வரியும் சேர்ந்து வரும். இது தெரிந்து எழுதுங்கள்.

அந்த வீட்டுக்காரர் சான்றில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அறை விளம்பரத்தில் "பதிவு கிடையாது" என்று ஒரு வரி இருந்தால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த அறை உங்களுக்கு வேண்டாம். வீட்டுக்காரரிடமோ, ஏற்கெனவே குடியிருந்து ஓர் அறையை உள்வாடகைக்கு விடுகிறவரிடமோ நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அன்மெல்டுங் செய்யலாமா, கையெழுத்திட்டுத் தருவீர்களா?" என்பது. வாடகையைப் பேசுவது அதற்கு அப்புறம்.

அறை தேடுவதை அட்மிஷன் கடிதம் வந்த அன்றே தொடங்குங்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு அன்றே ஒரு மெயில் போடுங்கள். பரிமாற்ற மாணவர்களுக்கு விடுதியில் சில அறைகள் ஒதுக்கி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஷ்டூடியெரெண்டன்வெர்க் என்கிற மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதிகளில் வாடகை வெளியே உள்ளதைவிட மிகவும் குறைவு, காத்திருப்போர் பட்டியலும் அதற்கேற்ப நீளம். கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். மற்றவர்களுக்கு இருக்கும் வழி, நான்கைந்து பேர் ஒரு வீட்டைப் பகிர்ந்து வாழும் வேகே. ஒவ்வொருவருக்கும் தனி அறை, சமையலறையும் குளியலறையும் பொது. விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்றிருந்தால் வெறும் வாடகை, வார்ம்மீட்டே என்றிருந்தால் ஹீட்டர், தண்ணீர்ச் செலவுகள் சேர்ந்தது. கணக்குப் போடும்போது இரண்டாவதைத்தான் பாருங்கள். முன்பணம் மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. மித்தே, க்ரொய்ட்ஸ்பெர்க் போன்ற பேர்போன பகுதிகளில்தான் இருப்பேன் என்று நிற்காதீர்கள். லிஷ்டன்பெர்க், மார்ட்சான், ஷ்பாண்டாவ் பக்கம் தேடினால் வாய்ப்பு கூடும், எஸ்-பான் என்கிற நகர ரயிலில் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பயணம், அவ்வளவுதான்.

மோசடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். படத்தில் வீடு பளபளவென்று இருக்கும், வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும். "நான் இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று உருக்கமாக ஒரு மெயில் வரும். நம்பிக்கைக்குத் தன் பாஸ்போர்ட் நகலையும் இணைத்திருப்பார், அது வேறு யாரிடமோ திருடியதாக இருக்கும். வீட்டை நீங்களோ, இங்கே உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். அதற்குப் பதில் முதல் சில வாரங்களுக்கு ஹாஸ்டலில் ஒரு படுக்கை பிடித்துக்கொண்டு நேரில் தேடுவது செலவு அதிகமானாலும் பாதுகாப்பு. அப்பா அம்மா நகையை வைத்து அனுப்பும் பணம் அது.

குடிபோன அன்று செய்ய வேண்டிய ஒரு வேலை பலருக்குத் தெரிவதே இல்லை. கீழே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே கதவு எண், அறை எண் பார்த்துத் தபால் போடுவதில்லை, பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். நமக்கு இதில் இன்னொரு சிக்கல். குடும்பப் பெயர் என்று நமக்கு ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொருவருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். கல்லூரிச் சான்றிதழிலோ இனிஷியல் மட்டும். அதனால் ஓர் அலுவலகம் உங்கள் பெயருக்குக் கடிதம் போடும், இன்னொன்று அப்பா பெயருக்குப் போடும். பெட்டியில் இரண்டையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அழைப்பு மணியிலும் அதே மாதிரி. படிவம் எதுவானாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்து மாறாமல் நிரப்புங்கள்.

பணத்தில் ஒரு விஷயம் நம் மாவட்டக்காரர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் வங்கிக் கணக்கு, பிளாக்டு அக்கவுண்ட்) மாதத்துக்கு 992 யூரோ வீதம், ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள அளவு. குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-இல் தொடங்குகிறது, அதனால் விசா வேலைகள் மே, ஜூன், ஜூலையில் நடக்கும். மாந்தோப்பை நம்பியிருக்கும் வீடுகளில் அது அறுவடை நேரம். மண்டியிலிருந்தும் மாங்கூழ் ஆலையிலிருந்தும் காசு கைக்கு வந்து சேர இன்னும் நாளாகும். சீசன் பணம் வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தால் விசா நேரம் தவறிவிடும். கல்விக் கடனுக்கு பிப்ரவரி, மார்ச்சிலேயே வங்கியில் பேச்சைத் தொடங்குங்கள். இன்னொன்று, முடக்கக் கணக்கிலிருந்து மாதா மாதம்தான் பணம் வரும், அதுவும் இங்கே உங்களுக்கு ஒரு நடப்புக் கணக்கு இருந்தால்தான். முதல் மாதச் செலவும் வீட்டு முன்பணமும் தனியாகக் கையில் இருக்க வேண்டும். வீட்டில் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது அம்மாக்கள் முதலில் எடுத்து வைப்பது நெய்யும் பால்கோவாவும். இரண்டும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. சீசனில் வருகிறவர்கள் மாம்பழத்தையும் எடுக்காதீர்கள், அதற்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். ராகி மாவு, சாமை, மிளகாய்த்தூள், கொள்ளு, புளி, மாங்காய் ஊறுகாய் தாராளமாகக் கொண்டுவரலாம். வழக்கமாகப் போடும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு எடுத்து வாருங்கள். இங்கே சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கிடைக்காது.

களி இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே பல வீடுகளில் கண்ணாடித் தட்டு போட்ட மின் அடுப்புதான். அதன் மேல் பாத்திரத்தை வைத்துக்கொண்டு முழு பலத்தோடு துடுப்பைப் போட்டுக் கிண்டினால் கண்ணாடி விரிசல் விடும், மாற்றும் செலவு உங்கள் முன்பணத்தில் போகும். மாவு வெந்ததும் இறக்கி, தரையில் மடித்த துணி மேல் வைத்து, யாராவது பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளக் கிண்டுங்கள். கடுகு தாளிக்கும்போது சமையலறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். தாழ்வாரத்திலும் அறைகளிலும் புகை அலாரம் இருக்கும், சில விடுதிகளில் அது நேராகத் தீயணைப்புத் துறைக்கே போகும். குளிர்கால ஜாக்கெட்டைச் சமையலறைப் பக்கம் மாட்டாதீர்கள். அதைத் தினமும் துவைக்க முடியாது, தாளிப்பு வாசம் வகுப்பு வரை கூடவே வரும்.

தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரின் புளோரைடு எத்தனை பேர் பல்லையும் எலும்பையும் பாதித்தது என்று நமக்குத் தெரியும்; 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் குழாய்த் தண்ணீரைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் போகவில்லை. பெர்லின் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். கெட்டிலில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்புதான், பயப்பட ஒன்றுமில்லை. அப்படியே பாட்டில் வாங்கினாலும் காலியானதை எறியாதீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் சூப்பர் மார்க்கெட் இயந்திரம் திருப்பித் தரும். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் அநேகமாக எதுவும் திறந்திருக்காது, சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

ரயிலில் ஏறும் இடத்தில் தடுப்பு இருக்காது, கண்டக்டர் இருக்க மாட்டார். ஆனால் சாதாரண உடையில் சோதனைக்காரர்கள் ஏறுவார்கள். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. காகித டிக்கெட்டை நடைமேடையில் உள்ள பெட்டியில் முத்திரை குத்தாவிட்டாலும் அதே 60 யூரோதான். பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்துக்குள்ளேயே நாடு முழுக்கச் செல்லும் பயண அட்டை சேர்ந்திருக்கும். அது செமஸ்டர் தொடங்கும் நாளிலிருந்துதான் செல்லும், செப்டம்பரில் வந்து இறங்குகிறவர்கள் அதுவரை தனியாக வாங்க வேண்டும். டிக்கெட் கட்டணத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள், விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது, முதல் நாள் மூன்றுக்கும் செல்லும் ஏபிசி டிக்கெட் எடுங்கள்.

படிப்பில் நம்மவர்கள் அதிகம் இடறும் இடம் தேர்வுப் பதிவு. நம் கல்லூரியில் பீஸ் கட்டினால் ஹால் டிக்கெட் வந்துவிடும். இங்கே ஒவ்வொரு தேர்வுக்கும் நீங்களே, குறிப்பிட்ட தேதிக்குள் பதிய வேண்டும். வகுப்பில் ஒரு நாள் விடாமல் உட்கார்ந்திருந்தாலும் பதியாதவர் எழுத முடியாது. விரிவுரைகளில் பெரும்பாலும் வருகைப்பதிவு கிடையாது, இன்டர்னல் மார்க் போட்டுக் காப்பாற்ற யாரும் இல்லை, பல பாடங்களில் கடைசித் தேர்வு ஒன்றுதான் மதிப்பெண். 1.0 சிறந்தது, 4.0 தேர்ச்சி, 5.0 தோல்வி. பேராசிரியரிடம் சந்தேகம் கேட்கத் தயங்காதீர்கள். நம் பிள்ளைகள் கைகட்டி நின்று கேட்காமலே திரும்பிவிடுவதைப் பார்க்க மனசு கஷ்டப்படுகிறது. கேட்கிறவரைத்தான் இங்கே மதிக்கிறார்கள்.

வேலை பார்க்க 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி உண்டு. முதல் இரண்டு மாதம் வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தால் இருங்கள் என்றுதான் சொல்வேன். மொழியும் பாடமும் பிடிபடுவது அந்த இரண்டு மாதத்தில்தான்.

டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், காலை எட்டு மணி தாண்டித்தான் வெளிச்சம். வெயிலில் வளர்ந்த உடம்புக்கும் மனசுக்கும் அது பெரிய மாற்றம். பகல் வெளிச்சம் இருக்கும்போது ஒரு நடை போய்வாருங்கள், அறையிலேயே கிடக்காதீர்கள். குளிர்காலத்தில் நமக்கும் ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். இங்கே மதியம் மூன்றுக்குக் கூப்பிட்டால் அங்கே ஏழரை, மாடு கட்டிவிட்டு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். இங்கே இரவு பத்துக்குக் கூப்பிட்டால் அங்கே பின்னிரவு இரண்டரை, பதறி எழுந்திருப்பார்கள். இங்கேயும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். மனசு மிகவும் தளர்ந்தால் மாணவர்களுக்கான ஆலோசனைச் சேவை இருக்கிறது, தயங்காமல் போங்கள். ராத்திரி அவசரமில்லாத காய்ச்சல், வலிக்கு 116117, உயிர் ஆபத்தென்றால் 112.

தமிழ்க் குரல் கேட்க வேண்டுமானால் பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோவில் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள். "தம்பி, எந்த ஊர்? சாப்பிட்டனீங்களோ?" என்று உரிமையோடு கேட்பார்கள். அண்ணை, அக்கா என்று மரியாதையாகப் பழகுங்கள். எப்போது வந்தீர்கள், எப்படி விசா கிடைத்தது என்று முதல் சந்திப்பிலேயே கேட்காதீர்கள். போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்களில் நிறைய. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

ஒரு செமஸ்டரோடு திரும்புகிறவர்கள் கிளம்பும்போது முகவரிப் பதிவை நீக்க வேண்டும். அது அப்மெல்டுங். காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து, காலி செய்த இரண்டு வாரத்துக்குள் செய்யலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று வசூலிக்கும் ஒலிபரப்புக் கட்டணம் உங்கள் பெயரில் இருந்தால் அதை நிறுத்தவும், காப்பீட்டையும் முடக்கக் கணக்கையும் முடிக்கவும் இந்தச் சான்றைக் கேட்பார்கள். அதை ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். முன்பணம் திரும்பி வரச் சில மாதங்கள் ஆகலாம். சாவியைக் கொடுக்கும் நாளில் அறையைச் சுற்றிப் படம் எடுத்து, வீட்டுக்காரரிடம் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பணம் வந்து சேரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருங்கள்.