அழுத்தாமல் மழிக்கப் பழகுவோம்: எடை குறைந்த மைல்டு ரேசரில் முதல் சவரம்

புதிதாக வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் தம்பிகள் சிலர் இப்போது பழைய மாடல் ரேசர் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அப்பாரு வைத்திருந்த அதே ஷேவிங் செட்தான். இரண்டு பக்கமும் கூரான ஒற்றை பிளேடு, மேல்மூடி, அடித்தட்டு, திருகிப் பூட்டும் கைப்பிடி. கிங் ஜில்லெட் 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது, அடிப்படை இன்றுவரை மாறவில்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, எடை குறைந்த மைல்டு ரேசரில் தொடங்குங்கள் என்றுதான். கை கொஞ்சம் கோணலாகப் போனாலும் அது பொறுத்துக்கொள்ளும். அழுத்தினால் மட்டும் பொறுக்காது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எந்த ரேசர்?

பிளேடு எல்லா ரேசருக்கும் ஒன்றேதான். மேல்மூடியைத் தாண்டி அது எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கீழே இருக்கும் தடுப்பு விளிம்புக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் ரேசரின் குணம் இருக்கிறது. மைல்டு ரேசரில் நீட்டலும் குறைவு, இடைவெளியும் குறைவு. அதனால் தோலில் ஆழமாக இறங்க பிளேடுக்கு வழியே இல்லை. சலூனில் இதே பிளேடைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்துப் பாதியைக் கத்தியில் மாட்டுவார்களே, அதில் தடுப்பு விளிம்பு கிடையாது. அங்கே சலூன்காரரின் கைப்பழக்கம்தான் தடுப்பு.

அடுத்தது எடை. பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம்தான். பித்தளை, ஸ்டீல் ரேசர்கள் 80 கிராமுக்கு மேல் போவது சாதாரணம். அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் கைப்பிடி வைத்தவை அதைவிட எவ்வளவோ லேசு. ஜப்பானின் ஃபெதர் பாப்புலர், வில்கின்சன் ஸ்வார்டு கிளாசிக் போன்றவை இந்த வகை. கனமான ரேசர் தன் எடையாலேயே முடியில் பதிந்து இறங்கும். லேசானது அப்படி இறங்காது. 'வெட்டுகிற மாதிரியே தெரியலையே' என்று கை தானாக அழுத்தப் பார்க்கும். பழக வேண்டியது அந்த இடத்தில்தான்.

பிளேடுக்கு எங்கும் அலைய வேண்டாம். செவன் ஓ கிளாக், சூப்பர் மேக்ஸ், டோபாஸ் என்று பக்கத்து மளிகைக்கடையில் கிடைப்பதே போதும். ஃபெதர் பிளேடு கூர்மைக்குப் பேர் போனது, அதைக் கை பழகியபிறகு வாங்கிக்கொள்ளலாம்.

முடி எந்த வாக்கில் போகிறது?

முந்தின நாள் மழித்து, ஒருநாள் வளர்ந்த முடியோடு கண்ணாடி முன்னால் நில்லுங்கள். விரல் நுனியால் கன்னத்தை மேலிருந்து கீழாகத் தடவுங்கள், அப்புறம் கீழிருந்து மேலாக. வழவழவென்று போனால் அது வாக்கு, சொரசொரத்தால் எதிர்வாக்கு. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் போகும். கழுத்தில்தான் குழப்பம். பலருக்குக் குரல்வளைக்குக் கீழே முடி மேல்நோக்கி வளரும், தாடைக்கு அடியில் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், சிலருக்குச் சுழியே இருக்கும். இடது கழுத்து ஒரு மாதிரி, வலது கழுத்து வேறு மாதிரி இருப்பதும் உண்டு. இதை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து கண்ணாடியில் ஒட்டி வைத்தால் மிகவும் நல்லது. கழுத்தில் சிவந்து பொரிப்பொரியாக வருகிறவர்கள் பலர் வாக்கு தெரியாமல் எல்லா இடத்திலும் மேலிருந்து கீழாக இழுக்கிறவர்கள்தான்.

தண்ணீரும் நுரையும்

கொங்குப் பக்கத்தில் சவரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். அவிநாசி, பல்லடம், காங்கேயம் என்று எங்கே போனாலும் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகிவிடும், நுரை நிற்காது. நுரை நிற்காவிட்டால் பிளேடு வறண்ட தோலில் ஓடும். கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. மற்றவர்கள் நுரை போட மட்டும் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள். முகம் கழுவ உப்புத் தண்ணீரே போதும்.

குளித்து முடித்த கையோடு மழிப்பது உத்தமம். இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரால் இரண்டு மூன்று நிமிடம் முகத்தை நனைத்துக்கொண்டே இருங்கள். தண்ணீரில் ஊறிய முடி உப்பி மென்மையாகிவிடும்.

பிரஷை நனைத்துப் பிழிந்துவிட்டு, நிலக்கடலை அளவு ஷேவிங் கிரீம் எடுத்து ஒரு கிண்ணத்தில் சுற்றுங்கள். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் சேர்க்க வேண்டும். நுரை கெட்டித் தயிர் மாதிரி பிரஷில் நிற்க வேண்டும், பளபளப்பும் இருக்க வேண்டும். பளபளப்பு இல்லாமல் பஞ்சுப் பஞ்சாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. பெரிய குமிழிகள் தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது.

ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் முகத்தில் போட்ட நுரை சீக்கிரம் காய்ந்துவிடும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஒரு கன்னத்தை முடித்துவிட்டு அடுத்த கன்னத்துக்கு நுரை போடுங்கள்.

பிளேடு மாட்டுவது

பிளேடைக் கூரில்லாத குட்டை ஓரங்களில் பிடித்து மேல்மூடியின் முளைகளில் வையுங்கள். அடித்தட்டைப் பொருத்திக் கைப்பிடியைத் திருகுங்கள். திருகும்போதும் மூடியின் குட்டை ஓரங்களைத்தான் பிடிக்க வேண்டும். பிறகு நேர்மேலிருந்து பாருங்கள். இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு தெரிய வேண்டும். ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

இனி ரேசரை எடுங்கள்

கைப்பிடியின் கடைசி முனையில் பிடியுங்கள். கட்டைவிரலும் இரண்டு விரல்களும் போதும். தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் அழுத்தம் கூடும், கடைசியில் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் அவ்வளவு முடியாது.

மேல்மூடியின் உச்சியைக் கன்னத்தில் வையுங்கள், கைப்பிடி முகத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே இழுத்தால் பிளேடு தொடாது, மூடி மட்டும் வழுக்கிப் போகும். இழுத்துக்கொண்டே கைப்பிடியை மெல்லக் கீழே தாழ்த்துங்கள். ஓர் இடத்தில் 'கரகர' என்று மெல்லிய சத்தம் கேட்கும். அதுதான் கோணம், தோலுக்கும் பிளேடுக்கும் இடையில் சுமார் 30 டிகிரி. மின்விசிறியை நிறுத்திவிட்டு இந்தச் சத்தத்தைக் கேளுங்கள், கண்ணாடியைவிடக் காது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். சத்தம் நின்றால் கோணம் தவறிவிட்டது. அப்போது கைப்பிடியைச் சற்றே ஏற்றியோ தாழ்த்தியோ பாருங்கள், அழுத்தாதீர்கள்.

கோபியிலிருக்கும் சித்தப்பா மகன், "அழுத்தலைன்னா முடி எப்படிங்ணா போகும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பிளேடின் மொத்தக் கனமே 0.1 மில்லிமீட்டர்தான், விளிம்போ அதைவிடப் பல மடங்கு மெலிது. ஊறிய முடியை அறுக்க அதற்குக் கைபலம் தேவைப்படாது. அழுத்தினால் தோல் தடுப்பு விளிம்பைத் தாண்டிப் புடைத்து பிளேடின் வழியில் வந்துவிடும். வெட்டுப்படுவதும் எரிவதும் அதனால்தான்.

ஓர் அங்குலத்துக்கு மேல் ஒரே இழுப்பில் போக வேண்டாம். இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். மூன்று நான்கு இழுப்புக்கு ஒருமுறை ரேசரைத் திருப்பி மறுபக்கத்தைப் பயன்படுத்துங்கள், பிறகு தண்ணீரில் அலசுங்கள். முதலில் கன்னம், அப்புறம் கழுத்து, கடைசியில் மீசைப் பகுதியும் மோவாயும். அங்கே முடி தடிப்பு, கூடுதல் நேரம் ஊறட்டும்.

முதல் சுற்று முழுக்க வாக்கிலேயே போகட்டும். முடிந்ததும் தடவிப் பார்த்தால் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும். மைல்டு ரேசருக்கு அது இயல்பு. நுரை இல்லாத இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள். மறுபடி நுரை போட்டு, வாக்குக்குக் குறுக்காக இரண்டாவது சுற்று போங்கள். எதிர்வாக்குச் சுற்று ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். சுருட்டை முடிக்காரர்களுக்கு அது எப்போதுமே வேண்டாம் என்பேன். ஒட்ட வெட்டுப்பட்ட முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளமாகும்.

பழனிக்கு மாலை போட்டுப் பாதயாத்திரை போய்வந்தபின் வளர்ந்திருக்கும் தாடிக்கு இந்த ரேசர் சரிப்படாது. இடைவெளி குறைவு என்பதால் முடி அடைத்துக்கொள்ளும். முதலில் டிரிம்மரால் ஒட்டக் குறைத்துவிட்டு வாருங்கள், அல்லது அன்றைக்கு மட்டும் சலூனுக்குப் போங்கள்.

முடிந்த பிறகு

பச்சைத் தண்ணீரால் கழுவி, ஈரத்தோடு படிகாரக் கட்டியை ஒருமுறை தேய்த்து, ஒரு நிமிடம் விட்டு அலம்புங்கள். சின்னக் கீறல்களில் ரத்தம் நின்றுவிடும். எங்கே அதிகம் எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள், அடுத்த முறை அந்த இடத்தில் கையை இலகுவாக விடுங்கள். தோல் வறண்டிருந்தால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

ரேசரை ஈரத்தோடு வைத்தால் உப்புப் படியும். உதறிவிட்டு நிற்க வையுங்கள், பிளேடைத் துணியால் துடைக்க வேண்டாம். அலுமினிய ரேசரைக் காரமான கிளீனரில் ஊறப்போடாதீர்கள், நிறம் மங்கிவிடும்.

ஒரு பிளேடு நான்கைந்து சவரத்துக்கு வரும். முடியைப் பிடித்து இழுக்கிற மாதிரி தோன்றினால் எண்ணிக்கை பார்க்காமல் மாற்றிவிடுங்கள். வீட்டில் அண்ணன் தம்பியாக இருந்தாலும் பிளேடைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. ரத்தத்தால் பரவும் நோய்கள் அப்படி வரலாம். தேய்ந்த பிளேடைக் குப்பையில் அப்படியே போட்டால் அதை அள்ளுகிற தூய்மைப் பணியாளரின் கை கிழியும். மூடியுள்ள தகர டப்பா ஒன்றின் மேல் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறி, எல்லாவற்றையும் அதற்குள் போடுங்கள். நிறைந்ததும் மூடியை டேப் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, குப்பை வண்டி வரும்போது தனியாகச் சொல்லிக் கையில் கொடுங்கள்.