ஐபி பூல் தீர்ந்துபோனால் உடனே பெரிதாக்காதீர்கள்

வாடிக்கையாளரின் பாஸ்வேர்டு சரி, லைன் சரி, அவரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரும் அனுமதி கொடுத்துவிட்டது, ஆனால் இணைப்பு மட்டும் ஏறிய வேகத்தில் விழுகிறது. நாஸ் (வாடிக்கையாளர் இணைப்புகளை ஏற்கும் கருவி, NAS) லாகைப் பார்த்தால் பூலில், அதாவது கொடுப்பதற்காக வைத்திருக்கும் ஐபி தொகுப்பில், முகவரி இல்லை என்று இருக்கும். உடனே இன்னொரு /24 முகவரி வரம்பை எடுத்துச் சேர்த்துவிடுகிறோம் பாருங்கள், பெரும்பாலும் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கொடுத்த ஐபி எல்லாம் திரும்பி வந்ததா என்று முதலில் பாருங்கள்.

ரேடியஸ் சர்வரே ஐபி ஒதுக்கும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். செஷன் முடிந்ததும் நாஸ் ஒரு ஸ்டாப் செய்தி அனுப்பும், அதைப் பார்த்துத்தான் சர்வர் முகவரியை விடுவிக்கும். நாஸுக்குத் திடீரென்று கரண்ட் போனால் ஸ்டாப் வராது. 254 முகவரி உள்ள பூலில் 180 பேர் இருந்தார்கள் என்றால், சர்வர் கணக்கில் அந்த 180ம் இன்னும் ஆளோடு இருக்கிறது. நாஸ் எழுந்ததும் அதே 180 பேரும் ஒரே நேரத்தில் திரும்பி வர, புதிதாகக் கொடுக்க மிச்சம் 74தான், 106 பேர் வெளியே நிற்பார்கள். நாஸ் எழும்போது அனுப்பும் அக்கவுண்டிங்-ஆன் செய்தியை வைத்து அந்த நாஸின் பழைய செஷன்களை எல்லாம் மூடும்படி சர்வரை அமைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அந்தச் செய்தியும் போய்ச் சேருவதற்கு உத்தரவாதம் தராத யூடிபியில்தான் போகிறது, தொலையலாம், அதனால் ஒதுக்கீட்டுக்குக் காலாவதி நேரமும் வேண்டும். சரி என்று அதை 5 நிமிடமாக வைத்துவிட்டு, செஷன் இன்னும் ஓடுகிறது என்று நாஸ் சொல்லும் இடைக்கால அப்டேட்டை 10 நிமிடத்துக்கு ஒருமுறை விட்டால், உயிரோடு இருக்கும் செஷனின் ஐபியே இன்னொருவருக்கும் போய்விடும், இது முன்னதைவிட மோசம். இரண்டு அப்டேட் தவறினாலும் தாங்கும்படி, 30 நிமிடத்துக்கு மேல் வையுங்கள்.

நிலையான ஐபி வாங்கியவரின் முகவரியைப் பூலுக்குள்ளேயே விட்டு வைக்காதீர்கள். அவர் இணைப்பில் இல்லாத நேரத்தில் அது வேறொருவர் கைக்குப் போகும். இரண்டு நாஸ்களில் ஒரே வரம்பைப் போடுவதும் இதே கதைதான்.

ரேடியஸ் நாஸுக்கு ஐபி சொல்லும் புலமான ஃப்ரேம்டு-ஐபி-அட்ரஸில் 255.255.255.254 என்று இருந்தால் பதறி அழிக்க வேண்டாம், நாஸ் தன் பூலிலிருந்து தானே எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் பொருள். எந்தப் பூல் என்று சொல்லும் ஃப்ரேம்டு-பூலில் தரும் பெயர், நாஸில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடைசியில் ஒட்டிய ஒரு ஸ்பேஸ் போதும், பாதி நாள் வீண்.

அப்புறம், உண்மையிலேயே பூல் போதாமல் புது வரம்பு சேர்த்தால், மேலே உள்ள ரவுட்டரில் அதற்கான ரூட் (அந்த வரம்புக்குப் போகும் வழி), நாட் விதி (உள் ஐபியை வெளி ஐபியாக மாற்றுவது), ஃபயர்வால் மூன்றையும் அதே கையோடு பாருங்கள். ஐபி கிடைத்தும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை என்று வரும் புகாரில் நான் முதலில் தேடுவது அந்த ரூட்டைத்தான்.