பேண்ட்ல கித்தார் வாசிக்கிறவன் தனியா முதல் சிங்கிள் (ஒத்தப் பாட்டு) விடணும்னா

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்ல உக்காந்துகிட்டே பண்ணலாம் தம்பி, கோலாலம்பூர் ஸ்டூடியோ எல்லாம் வேணாம். முதல்ல பேண்ட் ஆளுங்ககிட்ட சொல்லிடு, ஜாமிங்ல சேர்ந்து போட்ட ரிஃப்ப (திரும்பத் திரும்ப வர்ற சின்ன மெட்ட) உன் பாட்டுல வைக்காத, பின்னால சண்டைதான் வரும்.

மழை வந்தா தகரக் கூரை சத்தத்துல குரல் டேக் காலி, அதனால அந்த நேரத்துல கித்தார மட்டும் இன்டர்ஃபேஸ்ல (கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) நேரா சொருகி எடு, குரல ராத்திரி மெத்தைய சுவத்துல சாச்சு வச்சு பாடிக்கலாம். கித்தார்ல கம்பி அதிர்வ பிடிக்கிற பிக்அப் சிங்கிள் காயில் வகையா இருந்தா டியூப் லைட்ட அணைச்சிடு, அப்பவும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டா கித்தாரோட மெல்ல திரும்பி உக்காந்து பாரு, ஒரு பக்கம் பாத்தா சத்தம் நல்லாவே குறையும். 24 பிட் வேவ் ஃபைலா சேவ் பண்ணு.

கித்தாரிஸ்ட் பாட்டுன்னு ரெண்டு நிமிஷம் சோலோ இழுக்காத லா, யாரும் கேக்க மாட்டாங்க.

ஐஎஸ்ஆர்சி நம்பர் (ரெக்கார்டிங்கோட அடையாள எண்) பெரும்பாலும் உன் பாட்ட ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்புங்கள்ல ஏத்திக் குடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரே குடுப்பாங்க. ஸ்பாட்டிஃபைல பிளேலிஸ்ட்ல சேக்கச் சொல்லி எடிட்டருங்களுக்கு பிட்ச் பண்ண ரிலீஸுக்கு கொறஞ்சது 7 நாள் வேணும், நீ ஒரு மாசம் முன்னாடியே ஏத்திடு. பாட்ட எழுதினது நீதான்னா எம்ஏசிபில (பாட்டு எழுதுறவங்களுக்கு ராயல்ட்டி வாங்கிக் குடுக்கிற மலேசிய அமைப்பு) மெம்பர் ஆயிக்கோ, ரேடியோல ஓடினா ராயல்ட்டி அங்கதான். அப்புறம் நம்ம மலேசிய தமிழ் ரேடியோ மின்னல் எஃப்எம்முக்கு ஒரு காப்பி அனுப்பு.