இணையத் தரங்களுக்குப் பெயர் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பியில்லா இணைப்புக்கான தரம், அதாவது எல்லாத் தயாரிப்பாளர்களும் பின்பற்றும் பொது விதிமுறை, 1997இல் வெளிவந்தபோது அதன் பெயர் ஐஇஇஇ 802.11. விடுதி வரவேற்பறையில் நின்று "802.11 இருக்கிறதா?" என்று யார் கேட்பார்கள்? 1999இல் தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடி, பெயர் வைப்பதையே தொழிலாகக் கொண்ட இன்டர்பிராண்ட் நிறுவனத்திடம் போனார்கள். கிடைத்தது வைஃபை. அது எதன் சுருக்கமும் அல்ல. 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்று பலர் எழுதும் விரிவாக்கம், பெயர் வைத்தபின் சேர்த்த விளம்பர வரியிலிருந்து கிளம்பியது. பொறியாளர்களுக்கு இடையே புழங்கும் எண்ணை மக்களிடம் அப்படியே நீட்டுவது முதல் தவறு. பொருள் விளங்கும் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதும் தவறுதான்.

இந்தத் துறையின் பெரும்பாலான தவறுகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஆர்எஸ்எஸ் என்ற இணையத் தரத்தைப் பார்க்கலாம். பிடித்த தளங்களில் புதிதாக வந்தவற்றை ஓரிடத்தில் திரட்டித் தரும் அருமையான ஏற்பாடு அது. 1999இல் உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் வெளியிட்டபோது முதல் விரிவாக்கம் ஆர்டிஎஃப் சைட் சம்மரி. சில மாதங்களிலேயே ரிச் சைட் சம்மரி. 2002இல் ரியலி சிம்பிள் சிண்டிகேஷன். பதிப்பு எண்களோ இன்னும் மோசம்: 1.0ஐ ஒரு குழு உருவாக்கியது, 2.0ஐ வேறொரு குழு. இரண்டாவது முதலாவதன் தொடர்ச்சியே அல்ல. எண்ணைப் பார்த்து அதை யாரும் ஊகிக்க முடியாது. இந்தச் சண்டையில் சலித்தவர்கள் 2003இல் புதிய வடிவம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதுவும் பை, எக்கோ என்று பெயர் மாறி மாறி, கடைசியில் ஆட்டம் (Atom) ஆயிற்று.

விளைவு வாசகர் தலையில் விழுந்தது. ஆர்எஸ்எஸ், ஆட்டம், அவை இரண்டும் எழுதப்படும் குறிமொழியான எக்ஸ்எம்எல் என்று பக்கத்தின் ஓரத்தில் வரிசையாகப் பொத்தான்கள். எதை அழுத்துவது? ஆரஞ்சு நிற எக்ஸ்எம்எல் பொத்தானை அழுத்தினால், அன்றைய பல உலாவிகளில் கோண அடைப்புக்குறிகள் நிறைந்த நிரல் வரிகள் திரை முழுக்கக் கொட்டும். தளம் பழுதாகிவிட்டது என்று மூடிவிட்டுப் போனவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமைப்பாளர்கள் தங்களுக்குள் முடிக்காத வழக்கைப் பயனரின் தீர்ப்புக்கு விட்டது மகா தவறு.

உலாவிகளும் இந்த வசதிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தன. ஃபயர்ஃபாக்ஸுக்கு அது லைவ் புக்மார்க். மைக்ரோசாஃப்ட் வெறுமனே ஃபீட் என்றது. 2005 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸின் ஆரஞ்சுச் சின்னத்தை மைக்ரோசாஃப்ட் அப்படியே ஏற்றுக்கொண்டது. சின்னத்தில் வந்த உடன்பாடு பெயரில் வரவே இல்லை. இத்தனைக்கும் அதே ஆர்எஸ்எஸ்ஸின் மேல்தான் 2004இல் பெயர் சூட்டப்பட்ட பாட்காஸ்ட் ஓடுகிறது. கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மூன்று எழுத்துகள் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஒரு முறை வைத்த பெயரைத் திருப்பித் திருப்பித் திருத்துவதில் யுஎஸ்பியை மிஞ்ச ஆளில்லை. 2008இல் வந்த யுஎஸ்பி 3.0, பிறகு 3.1 ஜென் 1 (முதல் தலைமுறை) ஆகி, அதற்கும் பிறகு 3.2 ஜென் 1 ஆனது. வேகம் மூன்றிலும் நொடிக்கு 5 கிகாபிட்தான். கேபிள் வாங்க வந்தவர் புது எண்ணைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுத்தால் யார் பொறுப்பு? 2022இல்தான் பெட்டியில் வேகத்தையே அச்சிடும் முறைக்கு வந்தார்கள்.

கடவுச்சொல் இல்லாமல் உள்நுழையும் முறையில் இந்தப் பாடம் ஓரளவு எடுபட்டிருக்கிறது. அடியில் இருக்கும் தரங்களின் பெயர்கள் வெப்ஆத்தன், ஃபைடோ2. திரையில் தெரிவது பாஸ்கீ மட்டும். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் அந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றன. யாரும் அதைத் தம் வணிகப் பெயராக்கிக் கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சாவி கைப்பேசியில் இருக்கிறதா, கணக்கோடு சேர்ந்து அடுத்த கைப்பேசிக்கும் வருமா என்பதைப் பல திரைகள் இன்னும் தெளிவாகச் சொல்வதில்லை. பழைய கருவியை விற்கும் நாளில்தான் பலருக்கும் இந்தக் கேள்வியே எழும்.