பிள்ளைகளோடு ப்ரூவரி ஊர்களுக்கு: ஃப்ராங்கோனியாவில் 3 ராத்திரி கார் பயணம்

"குடும்பத்தோட பீர் குடிக்கவா போறீங்க?" என்று அம்மா போனில் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஜெர்மனியில், பவேரியாவின் வட பகுதியான ஃப்ராங்கோனியாவில், ப்ரூவரித் தோட்டம், அதாவது பீர் காய்ச்சும் ஆலையை ஒட்டிய தோட்டம் என்றால் தாத்தா பாட்டி, தள்ளுவண்டியில் தூங்கும் கைக்குழந்தை, மேஜைக்கடியில் நாய், பக்கத்தில் ஊஞ்சலும் மணல்தொட்டியும். நம்மூர் டாஸ்மாக்கை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால் இது புரியாது. 9 வயசு, 5 வயசு பிள்ளைகளோடு 3 தடவை போய்விட்டோம், ஒரு தடவை மாமியாரும் கூட வந்தார். முதல் தடவை செய்த சொதப்பல்களை எல்லாம் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதைச் சொல்கிறேன்.

திட்டம் போடும்போது ப்ரூவரிப் பட்டியலை எடுத்து மேப்பில் புள்ளி வைக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் ராத்திரி எங்கே படுக்கப்போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள். அங்கே சின்ன ஊர்களில் நிறைய ப்ரூவரிகள் மேலே நாலைந்து அறைகளும் வைத்திருக்கின்றன, ப்ராவரைகாஸ்ட்ஹோஃப் என்று போர்டு இருக்கும். மாலை 4 மணிக்குப் போய் காரை நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுவிட்டால் அதோடு அன்றைக்கு ஓட்டுவது முடிந்தது, அப்புறம் நீங்களும் வீட்டுக்காரரும் நிம்மதியாக உட்கார்ந்து குடிக்கலாம், 'இன்றைக்கு யார் ஓட்டுவது' என்ற சண்டையே வராது. பகலில் பிள்ளைகளுக்கானது, மாலையில் ஒரே ஒரு ப்ரூவரி. ஒரு நாளைக்கு மூன்று என்று திட்டம் போட்டால் மூன்றாவதில் சின்னது தரையில் படுத்து அழும்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், அங்கே பீர் அரை லிட்டர் மக்கில்தான் வரும், ஊர் பாஷையில் 'சைட்லா'. 5 சதவீத பீர் அரை லிட்டரில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ ஆணை அந்த ஒரு மக்கே ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.4 பக்கம் கொண்டுபோய்விடும், 55 கிலோ இருக்கும் என்னை 0.5-க்கு மேலே தூக்கிவிடும். சட்ட வரம்பே 0.5 தான். பிடிபட்டால் 500 யூரோ அபராதம், ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. 0.3 இருக்கும்போது விபத்து நடந்தாலே வழக்கு ஆகலாம். புதிதாக லைசென்ஸ் எடுத்துச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் 21 வயசு ஆகாதவர்களுக்கும் பூஜ்யம்தான். ஆகவே 'ஒண்ணே ஒண்ணு' என்ற பேச்சே வேண்டாம். நடுவழியில் நிறுத்தினால் ஓட்டுகிறவருக்கு ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லதான், பிள்ளைகளுக்கும் அதே. இன்னொன்று, பிள்ளைக்கு 12 வயசு ஆகும்வரை அல்லது 150 செ.மீ. உயரம் வரும்வரை கார் சீட் கட்டாயம். வாடகைக் கார் என்றால் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

சரி, பாதை. நியூரன்பெர்க்கிலிருந்து ஏ73 சாலையில் வடக்கே போனால் நம் முதல் நிறுத்தம் ஃபோர்ஷ்ஹைம். அங்கே ஊரை ஒட்டிய ஒரு காட்டு மேட்டில் 20-க்கும் மேற்பட்ட 'கெல்லர்'கள் இருக்கின்றன. கெல்லர் என்றால் நிலவறை, ஆனால் ஃப்ராங்கோனியாக்காரர்கள் 'கெல்லருக்குக் கீழே போகிறேன்' என்று சொல்லமாட்டார்கள், 'கெல்லருக்கு மேலே' என்பார்கள். காரணம் இதுதான்: ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் குளிர்காலத்தில் காய்ச்சிய பீரைக் கோடைக்கென்று குன்றுக்குள் குடைந்த சுரங்கத்தில் வைத்தார்கள், சுரங்கம் சூடாகாமல் இருக்க மேலே நிழல் மரம் நட்டார்கள், அப்புறம் அந்த நிழலிலேயே பெஞ்சு போட்டு விற்க ஆரம்பித்தார்கள். வெயில் காலத்தில் அந்த மரத்தடியில் உட்கார்ந்தால் ஏன் என்று கேட்கத் தோன்றாது. ஜூலை கடைசியில் போகிறீர்கள் என்றால் ஜாக்கிரதை, அங்கே அன்னா திருவிழா நடக்கும். ராட்டினம் எல்லாம் உண்டு, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் கூட்டத்தில் தள்ளுவண்டி நகராது.

கெல்லரில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம், பீரை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம் என்பது. எல்லா இடத்திலும் இது இல்லை, சமையலறை வைத்திருக்கிற இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாமியார் சைவம், அவர் வந்தபோது புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் எடுத்துப் போனோம். பக்கத்து மேஜைப் பாட்டி கட்டம் போட்ட துணியை விரித்து, மரப்பலகையில் முள்ளங்கியைச் சுருள் சுருளாக சீவி உப்புத் தூவிக்கொண்டிருந்தார். எங்கள் டப்பாவை எட்டிப் பார்த்தார், அப்புறம் முள்ளங்கி இந்தப் பக்கம் வந்தது, புளியோதரை அந்தப் பக்கம் போனது. வாங்கிச் சாப்பிடும் சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 'க்ளோஸ் மிட் ஸோஸ்' என்று மெனுவில் இருக்கும் உருளைக்கிழங்கு உருண்டை பார்க்கச் சாது, ஆனால் அந்தக் குழம்பு பெரும்பாலும் இறைச்சி வறுத்த சாறு. பாலாடைக்கட்டியை வெண்ணெய், வெங்காயம், பாப்ரிகா என்ற குடமிளகாய்ப்பொடி போட்டுப் பிசைந்த 'கெருப்ஃப்டர்' கேளுங்கள், ரொட்டியோடு வரும்.

இரண்டாவது நிறுத்தம் பாம்பெர்க். நியூரன்பெர்க்கிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். பழைய ஊர் முழுவதும் 1993 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், ஆற்றுக்கு நடுவில் நிற்கும் பழைய நகர மன்றத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அங்கே குடிக்க வேண்டியது புகை பீர். முளைகட்டிய மால்ட் தானியத்தை பீச் மர விறகுத் தீயில் புகைபட உலர்த்துகிறார்கள். ஒரு காலத்தில் விறகுத் தீயில் உலர்த்திய மால்ட்டில் எல்லாம் புகை ஏறத்தான் செய்தது, புகை படாத சூளை வந்ததும் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால் என்ற இரண்டு ப்ரூவரிகள் விடவில்லை. விறகடுப்பில் காய்ச்சிய பாலில் ஒரு புகை வாசம் ஏறுமே, அதைத் தூக்கி நாலு மடங்காக்கினால் ஷ்லெங்கர்லா. முதல் வாய் எனக்குப் பிடிக்கவில்லை, பாதி மக்கில்தான் நாக்கு வழிக்கு வந்தது. மரப்பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துக் கொடுப்பார்கள், மாலையில் நிற்க இடம் இருக்காது, பிள்ளைகளோடு மதியமே போய்விடுங்கள். ஷ்பெட்சியாலில் புகை மென்மை, 1536-லிருந்து இருக்கிற இடம், மேலே அறைகளும் உண்டு. முதல் தடவை புகை பீர் குடிப்பவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன்.

மூன்றாம் நாள் ஃப்ராங்கோனியன் ஸ்விட்சர்லாந்து என்ற மலைப்பகுதி. பொட்டன்ஷ்டைனில் டொய்ஃபெல்ஸ்ஹோலே குகையில் ஒரு குகைக் கரடியின் முழு எலும்புக்கூடு நிற்கிறது, எங்கள் பெரியவன் அதைப் பற்றி இன்னும் பேசுகிறான். உள்ளே வெயில் காலத்திலும் 9 டிகிரி பக்கம்தான், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், படிகள் நிறைய, தள்ளுவண்டி காரிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் எபர்மன்ஷ்டாட்டிலிருந்து பழைய ரயில் ஒன்று பள்ளத்தாக்கில் ஓடும், நீராவி இன்ஜின் வரும் தேதியா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் அவுஃப்செஸ். ஊராட்சி மொத்தத்திலும் 1,500 பேர்கூட இல்லை, 4 ப்ரூவரி. ஆள் கணக்குப்படி இதுதான் அதிகம் என்று கின்னஸ் சாதனையே வாங்கிய ஊர். நான்கையும் இணைத்துச் சுமார் 14 கிலோமீட்டர் நடைபாதை போட்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு முழுதும் நடக்க ஆசைப்படாதீர்கள், ரோட்டன்பாக் ப்ரூவரியில் அறை போட்டுக்கொண்டு ஒரு துண்டு மட்டும் நடந்து திரும்புங்கள். நான்கில் ஒன்றான காத்தி ப்ராய் பைக்காரர்கள் கூடும் இடம், வரிசையாக நிற்கும் வண்டிகளை எண்ணுவதிலேயே எங்கள் பையனுக்கு ஒரு மணி நேரம் போனது.

மழை வந்தால் பல கெல்லர்கள் மூடிவிடும். அதற்கென்று குல்ம்பாக் என்ற ஊரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மொன்ஷ்ஸ்ஹோஃப் என்ற இடத்தில் பீர் மியூசியம், ரொட்டி மியூசியம், மசாலா மியூசியம் மூன்றும் ஒரே வளாகத்தில், மேலே பிளாசன்பர்க் கோட்டையில் வெள்ளீயத்தில் வார்த்த சின்ன பொம்மைகளின் மியூசியம்.

இனி என் சொதப்பல். முதல் தடவை ஒரு திங்கட்கிழமை, 40 நிமிஷம் மலைப்பாதையில் ஓட்டி ஒரு கிராமத்து ப்ரூவரிக்குப் போய் இறங்கினால் கதவில் 'ரூஹடாக்', அதாவது வார விடுமுறை. அடுத்த ஊரிலும் அதே அட்டை. பின்சீட்டில் இரண்டும் பசியில் கத்த, கடைசியில் பெட்ரோல் பங்கில் பிரெட்ஸல் வாங்கிக் கொடுத்து சமாளித்தோம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பல இடங்கள் மூடியிருக்கும், ஆகவே வியாழனில் கிளம்பி ஞாயிறில் திரும்புங்கள். வெப்சைட்டை நம்பாமல் காலையில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஞாயிறு சூப்பர் மார்க்கெட் எதுவும் திறக்காது, தயிர், பால், டயப்பர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். கையில் ரொக்கம் இருக்கட்டும், கார்டு வாங்காத கெல்லர்கள் இன்னும் உண்டு.

வீட்டுக்குக் கொண்டுவரும் பீர் கடைசி நாள் காலையில் வாங்குங்கள். வடிகட்டாத கெல்லர் பீர் வெயிலில் டிக்கியில் ஒரு பகல் கிடந்தாலே ருசி போய்விடும், ஐஸ் பெட்டியில் ஆறு பாட்டில் போதும். முழு கிரேட், அதாவது பாட்டில் பெட்டி வாங்கினால் சாதாரண பாட்டிலுக்கு 8 சென்ட், கிரேட்டுக்கு 1.50 யூரோ என்று 20 பாட்டிலுக்கு மொத்தம் 3.10 யூரோ டெபாசிட் பிடிப்பார்கள். அந்தச் சின்ன ப்ரூவரியின் கிரேட்டை உங்கள் ஊர் கடையில் திருப்பி வாங்காமல் போகலாம். எங்கள் பால்கனியில் ஒன்று போன வருஷத்திலிருந்து கிடக்கிறது, மாமியார் அதில் புதினா வளர்க்கிறார்.