முதல் கதைக்களப் புத்தகம்: எழுதி, அச்சடித்து, விற்பது

ரோல்பிளேயிங் ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் பாத்திரங்களாகப் பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்துவார்கள்; கேம் மாஸ்டர் அதை நடத்துவார். அப்படி ஒரு கதை நடக்கும் இடத்தை விவரிப்பதுதான் கதைக்களப் புத்தகம். டைஸ் உருட்டவும் கேம் மாஸ்டராக உட்காரவும் தெரிந்தவர்களுக்கான விளக்கம் இது. உதாரணத்துக்குப் பாலக்காட்டுக் கணவாயையே எடுத்துக்கொள்வோம்: இந்தப் பக்கம் பொள்ளாச்சி, அந்தப் பக்கம் கேரளச் சித்தூர், வடக்கே எல்லையில் வாளையாறு.

படி 1: அளவைச் சுருக்குங்கள்

ஏ5 அளவில் 32 பக்கம் போதும். ஒரு வரைபடம், ஆறு இடங்கள், ஒன்றோடொன்று மோதும் மூன்று கூட்டங்கள், டி20 (இருபது முக டைஸ்) உருட்டிப் பார்க்க, வழியில் நேரும் சம்பவங்களின் பட்டியல் ஒன்று. வரலாறு ஒரு பக்கத்தைத் தாண்டினால் வெட்டிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே யாரும் அதைப் புரட்டுவதில்லை.

"வாளையாறு பல தலைமுறைகள் கண்ட சாவடி" என்று எழுதினால் கேம் மாஸ்டர் கையில் ஒன்றும் நிற்காது. இப்படி எழுதுங்கள்: "இரவு பத்துக்கு மேல் ஒரே காவலர். தேங்காய் லாரியைத் திறக்கச் சொல்வார், கருவாட்டுக் கூடையைத் தொடமாட்டார். அவர் டார்ச்சில் பேட்டரி தீரப்போகிறது." எதை எதற்குள் ஒளிப்பது என்று ஆட்டக்காரர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 2: உரிமம்

டி&டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தின் விதிகளில் ஒரு பகுதி, எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில், 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 உரிமத்தில் வெளியானது. அதிலிருந்து எடுத்துக் காசுக்கு விற்கலாம். அதிலேயே கொடுத்திருக்கும் நன்றிக்குறிப்பைப் புத்தகத்தில் அப்படியே அச்சிட வேண்டும். அட்டையில் 'ஃபிஃப்த் எடிஷனுக்கு (ஐந்தாம் பதிப்புக்கு) பொருந்தும்' என்று போடலாம், டி&டி லோகோவைப் போடக்கூடாது. என்னைக் கேட்டால், முதல் புத்தகத்தில் விதி சார்ந்த எண்களே வேண்டாம். எந்த விதிமுறையோடும் ஆடும்படி எழுதினால் பாதித் தலைவலி குறையும்.

படி 3: பக்க வடிவமைப்பு (பெரும்பாலோர் விழும் பள்ளம்)

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழை ஒட்டியதும் 'கொ' உடைந்து, ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் குறை ஃபான்ட்டில் இல்லை. பாராகிராஃப் பேனல் மெனுவில் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர்' தேர்வாகவில்லை. அதைப் பாராகிராஃப் ஸ்டைலிலேயே வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் மறுபடி உடையும். காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் 1.6 என்ற இலவச மென்பொருள். 1.4-ஐத் தொடாதீர்கள், தமிழ் எழுத்து சேராது. ஃபான்ட்டுக்கு நோட்டோ செரிஃப் தமிழ்: இலவசம், விற்கும் புத்தகத்திலும் தடையில்லை.

ஊர்ப்பெயரை மலையாளத்திலும் போடுகிறீர்களா? தமிழ் ஃபான்ட்டில் மலையாள எழுத்து கிடையாது. நோட்டோ செரிஃப் மலையாளத்துக்குத் தனி கேரக்டர் ஸ்டைல் வைக்காவிட்டால் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்களாக வரும்.

அடுத்தது பிரஸ். பல அச்சகங்களில் நீங்கள் கொடுக்கும் பிடிஎஃப்பை கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் திறந்துதான் பக்கம் அடுக்குவார்கள். திறந்த கணத்தில் கொம்பும் காலும் இடம் மாறும். ஆங்கில எழுத்து சரியாகவே இருப்பதால் அங்கே யார் கண்ணிலும் படாது. அதனால் எப்போதும் இரண்டு பிடிஎஃப் எடுங்கள். பிரஸ்ஸுக்கு எழுத்தையெல்லாம் அவுட்லைனாக (வெறும் வடிவமாக) மாற்றியது. விற்பனைக்கு எழுத்தை எழுத்தாகவே விட்டு, புக்மார்க் வைத்தது. பிரஸ் பிரதியைத் தவறி விற்பனைக்குக் கொடுத்தால், வாங்கியவர் 'சாவடி' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. விற்பனைப் பிரதியில் ஒரு பத்தியை நகலெடுத்து போனில் ஒட்டிப் பாருங்கள். எழுத்து சிதறினால் தேடலும் வேலை செய்யாது, அப்போது புக்மார்க்தான் கைகொடுக்கும்.

படி 4: அச்சு

சென்டர் பின் (தாள்களை மடித்து நடுவில் பின் அடிப்பது) என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில் இருக்க வேண்டும். வரைபடத்தை 16, 17-ஆம் பக்கங்களில் வையுங்கள். 32 பக்கத்தில் அந்த இரண்டு மட்டும்தான் நடுத்தாளில் ஒரே பரப்பாக விரியும். வேறு இடத்தில் வைத்தால் பாதி ஒரு தாளில், மீதி இன்னொன்றில். வரைபடத்தில் ஓடும் ஆறு நடுவில் முறிந்து தெரியும். சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) விடுங்கள். எழுத்து வெறும் கருப்பு மையில் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கருப்பானால் சின்ன எழுத்துக்கு நிழல் விழும்.

உள்ளே 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. மடித்தால் 32 பக்கமாகும் எட்டு ஏ4 தாள் 40 கிராம், அட்டை 16 கிராம், உறை தவிர 56 கிராம். தபால் செலவை இந்தக் கணக்கில் போடுங்கள். நூறு பிரதிக்கு டிஜிட்டல்தான் சரி. ஆஃப்செட்டில் பிளேட் செலவு நூறு பேர் தலையிலேயே விழும்.

ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச எண்) இந்தியாவில் இலவசம், அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். காசு கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள்.

படி 5: விற்பனை

பிடிஎஃப்பை முதலில் இட்ச்.ஐஓ என்ற விற்பனைத் தளத்தில் ஏற்றுங்கள். தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்களே வைக்கலாம், வழக்கமாக 10 சதவீதம். ரோல்பிளேயிங் புத்தகங்களை விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் உங்களுக்கு 65 சதவீதம், அங்கே மட்டும் விற்பதாக ஒப்புக்கொண்டால் 70. அந்த ஐந்துக்காகக் கட்டுப்பட வேண்டாம். தலைப்பை ஆங்கிலத்திலும் போடுங்கள், தமிழில் தேடி வருகிறவர்கள் குறைவு.

உள்ளூர் வாசகரிடம் பேபால் கேட்காதீர்கள். 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் அதில் பணம் அனுப்ப முடியாது. யுபிஐதான்.

அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் டைஸும் டோக்கனும் சேர்த்துப் பெட்டியாக விற்றால் அது வரி உள்ள விளையாட்டுப் பொருளாகிவிடும். பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை. வரியுள்ள சரக்கென்றால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு தேவை. டைஸை விட்டுவிடுங்கள், ஆட வருகிறவர்களிடம் எப்படியும் இருக்கும்.

பின்னால் சேர்த்தது: பாலக்காட்டுப் பக்கம் தமிழ் பேசும் பலர் பள்ளியில் படித்தது மலையாளம். கேட்டால் புரியும், தமிழ் எழுத்து ஓடாது. கேம் மாஸ்டர் வாசித்துக் காட்டும் பத்தியை மூன்று வரிக்குள் முடியுங்கள். ஆட்டக்காரர் கையில் கொடுக்கும் ஒற்றைத் தாளை மட்டும் மலையாள எழுத்திலும் தனி பிடிஎஃப்பாக அதே விலைக்குள் சேர்த்துவிடுங்கள்.