வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி: அமெரிக்காவுல நம்ம ஆளுங்க திரும்பத் திரும்பப் பண்ற தவறுகள்

டெக்சஸ்ல துப்பாக்கி சுட்டுப் பழகற ஒரு ரேஞ்சுல, புதுசா துப்பாக்கி பிடிக்கறவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். கொஞ்ச வருஷமா நம்ம தமிழ் ஆளுங்க நிறைய வர்றாங்க. பக்கத்துத் தெருவுல வீட்டை உடைச்சு நகையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்கன்னு வாட்ஸப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்தா போதும், அடுத்த சனிக்கிழமை நாலு பேர் வந்து நிப்பாங்க. வர்றது நல்லதுதான். ஆனா அதுல பாதிப் பேர் கடைல வாங்கி முடிச்சுட்டுத்தான் கத்துக்கவே வர்றாங்க, ஆரம்பத்துல நான் நம்பிட்டிருந்த அதே கதைகளை அவங்களும் நம்பிட்டு வர்றாங்க, பாத்துட்டு சும்மா இருக்க மனசு கேக்கல. ட்ரிகர்ல விரல் வைக்காதே, எப்பவும் லோடு ஆகியிருக்குன்னே நெனைச்சுக்கோ, இதெல்லாம் எந்தக் கிளாஸ்லயும் முதல்லயே சொல்லிடுவாங்க, அதை இங்க விட்டுடறேன். நான் லாயர் இல்லை. சட்டம் பத்திக் கீழ சொல்றதெல்லாம் நீங்க லாயர்கிட்ட போய் என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான்.

ஷாட்கன்னா குறி பாக்க வேண்டாம்னு நம்பறது

வாசப்பக்கமா நீட்டிட்டு அழுத்தினா போதும், அந்தப் பக்கம் முழுக்க பரவிடும்னு நெனைக்கறாங்க. வீட்டுக்குள்ள அப்படி நடக்காது. இதுல போடற தோட்டாவுக்குள்ள பல ஈய உருண்டை இருக்கும், அதுதான் பக்‌ஷாட், ஒவ்வொரு உருண்டையும் ஒரு பெல்லட். பக்‌ஷாட் ஒரு கஜ தூரத்துக்கு சுமாரா ஒரு அங்குலம் பரவும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. உங்க ஹாலோட நீளத்துக்குப் பாத்தா மொத்தமே ஒரு உள்ளங்கை அகலம்தான் வரும். ரேஞ்சுல பேப்பர் டார்கெட்ல அந்தச் சின்ன ஓட்டைக் கூட்டத்தைக் காட்டினதும்தான் நிறைய பேருக்கு நம்பிக்கையே வருது. குறி தப்பினா அத்தனை பெல்லட்டும் வேற எங்கயோ போகும், அது ஒவ்வொண்ணுக்கும் பொறுப்பு நீங்கதான். 12 கேஜ் உதைக்கற உதைல ரெண்டாவது தடவை சுடவே பயப்படறவங்க இருக்காங்க. வேணும்னா அதை விடச் சின்னக் குழல் இருக்கற 20 கேஜ் எடுத்துச் சுட்டுப் பாருங்க, அதுல மதிப்புக் குறைவு ஒண்ணும் இல்லை.

ஷாட்கன்ல அடுத்த தோட்டாவை உள்ள தள்ளப் பம்ப் பண்ற சத்தம் கேட்டாலே திருடன் ஓடிடுவான்னு கடைல சொல்லி விப்பாங்க. ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம், அதை நம்பி துப்பாக்கி வாங்காதீங்க.

சுவரு நிறுத்திடும்னு நெனைக்கறது

ஊர்ல செங்கல் சுவத்துல வளந்தவங்க நாம, சுவருன்னா சுவருன்னு மனசுல பதிஞ்சு போச்சு. இங்க ரூமுக்கு ரூம் நடுவுல இருக்கறது அரை அங்குல ட்ரைவால், அதாவது ஜிப்சம் பலகை, ரெண்டு தகடு, நடுவுல வெறும் காத்து. 9 எம்எம் தோட்டா ஆகட்டும் பக்‌ஷாட் ஆகட்டும், அந்த மாதிரி சுவர் ஒண்ணு ரெண்டைத் தாண்டியும் ஆளைக் கொல்ற வேகத்தோட போகும். நுனியில குழி இருக்கற ஹாலோ பாயின்ட் தோட்டா போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. உடம்புல பட்டா அது விரியும், அதனால உள்ளேயே நின்னுடற வாய்ப்பு அதிகம், வீட்டுக்கு ஹாலோ பாயின்ட்தான் சரி. ஆனா குறி தப்பி ட்ரைவால்ல பட்டா அதுவும் போய்க்கிட்டே இருக்கும். லேசான .223 ரைஃபிள் குண்டு சீக்கிரம் தடுமாறி உடையறதால சில பிஸ்டல் தோட்டாவை விடக் கம்மியாத்தான் சுவரைத் தாண்டும், ரைஃபிள்னா மோசம்னு கண்ணை மூடிட்டுச் சொல்ல முடியாது.

அதனால எந்தத் துப்பாக்கின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ராத்திரி உங்க பெட்ரூம் கதவுகிட்ட போய் நில்லுங்க. மாடிப்படிப் பக்கம் கையை நீட்டுங்க. அந்தக் கோட்டை அப்படியே நீட்டிக்கிட்டே போனா யாரோட கட்டில் வருது? டவுன்ஹவுஸ்னா பக்கத்து வீட்டுக்காரரோட கட்டிலும் கணக்குதான்.

சின்னதா இருந்தா சுலபம்னு வாங்கறது

மனைவிக்குன்னு கைப்பைக்குள்ள போற குட்டி பிஸ்டலா பாத்து வாங்கிட்டு வருவாங்க. சின்னப் பிஸ்டல்தான் கைல அதிகமாத் துள்ளும், பிடிக்க இடம் இருக்காது, ஸ்லைடு, அதாவது பிஸ்டலோட மேல் பாகத்தை, பின்னாடி இழுக்கறதும் பல மாடல்ல கஷ்டம். சரி ரிவால்வர் சுலபம்னு போனா, நீளமா அழுத்தி இழுக்க வேண்டிய டபுள் ஆக்‌ஷன் ட்ரிகரை இழுக்கறதுக்குள்ள குறி நகந்துடும். பீரோவுல இருக்கப்போற துப்பாக்கி பெருசா இருந்தா என்ன? முழு அளவுப் பிஸ்டல்ல ஆரம்பிங்க. யார் சுடப்போறாங்களோ அவங்க வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாத்துட்டு அப்புறம் வாங்குங்க. வாடகைக்கு எடுக்கறதுலயும் ஒரு பெரிய கண்ணி இருக்கு, அடுத்ததுல சொல்றேன்.

விசாவுல இருந்துக்கிட்டு துப்பாக்கியத் தொடறது

இதுக்குத்தான் இந்தக் கட்டுரையே. இதை எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியும் திரும்ப யாராவது ஒருத்தர் வந்து நிக்கறப்போ எனக்கு இன்னமும் எரிச்சலாத்தான் வருது.

ஃபெடரல் சட்டம், 18ஆம் தலைப்புல 922(ஜி) பிரிவு. நான்-இமிகிரன்ட் விசாவுல நாட்டுக்குள்ள வந்தவங்க துப்பாக்கி வெச்சிருக்கக் கூடாது, தோட்டாவும் வெச்சிருக்கக் கூடாது. எச்1பி, எச்4, எல்1, எஃப்1, பி2 எல்லாம் இதுல வரும். வரி கட்டறேன், வீடு வாங்கிட்டேன், க்ரீன் கார்டுக்கான ஐ-140 மனு அப்ரூவ் ஆகிப் பத்து வருஷம் ஆச்சு, எதுவும் கணக்குல வராது. க்ரீன் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் நீங்க தடை செய்யப்பட்ட ஆள்தான். தண்டனை 10 வருஷம் வரைக்கும்னு இருந்தது, 2022ல அதை 15 ஆக்கிட்டாங்க. சொந்தமா வாங்கினாத்தான் தப்புன்னும் இல்லை, ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுடறதும் கைல வெச்சிருக்கறதுதான். ஃப்ளோரிடாவுல ஒரு வெளிநாட்டு மாணவர், காலேஜ்ல இருந்து நீக்கினதால ஸ்டேட்டஸ் போனவர், ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதுக்கே கேஸ் ஆகி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2019ல ரெஹைஃப் வழக்குல, தனக்கு ஸ்டேட்டஸ் இல்லைங்கறது அவருக்குத் தெரிஞ்சிருந்ததுன்னும் அரசாங்கம் நிரூபிக்கணும்னு தீர்ப்பு வந்தது. அது வர்றதுக்குள்ள அந்தப் பையன் பட்ட பாட்டை நெனைச்சுப் பாருங்க.

விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் குடுத்த, காலாவதி ஆகாத ஹண்டிங் லைசன்ஸ் கைல இருந்தா நான்-இமிகிரன்ட்டும் வெச்சிருக்கலாம். இந்த விஷயம் நம்ம ஆளுங்க நடுவுல வேகமாப் பரவிடுச்சு, ஆனா பாதி மட்டும்தான் பரவிச்சு. ஒரு அக்டோபர் மாசம் ஒரு தம்பி வந்தார், எச்1பி. நல்ல பொறுப்பான ஆள், லைசன்ஸ் எடுத்து, செக்கிங் எல்லாம் பாஸ் பண்ணி, சேஃப் வாங்கி, அதுக்கப்புறம் பிஸ்டல் வாங்கினவர். பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி லைசன்ஸைக் காட்டுங்கன்னேன். "மே மாசம்தான் எடுத்தேன்ணே, இன்னும் ஏழு மாசம் இருக்கு"ன்னு பர்ஸ்ல இருந்து மடிச்சு வெச்ச அந்த நீளக் காகிதத்தை எடுத்து நீட்டினார். டெக்சஸ்ல நீங்க எந்த மாசம் எடுத்தாலும் ஹண்டிங் லைசன்ஸ் ஆகஸ்ட் 31ஓட முடிஞ்சிடும். தேதி அதுலயே அச்சடிச்சிருந்தது. அவர் அதைப் படிச்சே பாக்கல. செப்டம்பர் ஒண்ணாம் தேதியில இருந்து அந்த பிஸ்டல் அவர் வீட்டு சேஃப்ல இருந்த ஒவ்வொரு நாளும் அவர் மேல ஃபெடரல் கேஸ் போட இடம் இருந்தது, அவரு ஒரு கெட்டதும் நெனைக்கல, ஒருத்தருக்கும் ஒரு தீங்கும் பண்ணல. பெட்டியைத் தொட விடாம அவரை நேரா லாயர்கிட்ட அனுப்பினேன். கிளாஸுக்கு வராமலே இருந்திருந்தா அது எத்தனை வருஷம் அப்படியே இருந்திருக்குமோ.

இன்னொரு கூட்டம், க்ரீன் கார்டு வெச்சிருக்கற ஃப்ரெண்டு பேர்ல வாங்கிக்கறோம்னு சொல்றவங்க. அய்யா, தயவுசெஞ்சு வேண்டாம். கடைல துப்பாக்கி வாங்கறப்போ நிரப்பற 4473 படிவத்துல "நீங்கதான் உண்மையான வாங்குபவரா"ன்னு கேட்டிருப்பாங்க, அதுல பொய் சொன்னா ஃபெடரல் குற்றம். 2014ல ஏப்ரம்ஸ்கி வழக்குல வாங்கினவர் முன்னாள் போலீஸ்காரர், தன் மாமாவுக்காக வாங்கினார், அந்த மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வெச்சிக்கக்கூடியவர்தான், அப்படி இருந்தும் சுப்ரீம் கோர்ட் அது பொய்தான்னு சொல்லிடுச்சு. இங்க விசா ஆளுக்காக வாங்கினா உங்க நட்புக்காக உங்க ஃப்ரெண்டும் சேர்ந்து ஜெயிலுக்குப் போகணும்.

க்ரீன் கார்டு வந்தாச்சுன்னா நிம்மதின்னு நெனைச்சீங்கன்னா அதுவும் அரைகுறைதான். துப்பாக்கி சம்பந்தமா ஏதாவது சட்டத்தை மீறி தண்டனை ஆனா, மாநிலச் சட்டமா இருந்தாலும், நாட்டை விட்டு அனுப்பறதுக்கு அது போதும், சிட்டிசன் ஆகற வரைக்கும் அந்தக் கத்தி தலைக்கு மேலதான். ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போன பையையே ஏர்போர்ட்டுக்கும் தூக்கிட்டுப் போறவங்களுக்கு இது நல்லா உறைக்கணும். "ஃபைன் கட்டிட்டு ஒத்துக்கோங்க, முடிஞ்சிடும்"னு கிரிமினல் லாயர் சொன்னா இமிகிரேஷன் என்ன ஆகும்னு கேளுங்க. 2010ல பாடில்யா தீர்ப்புக்கு அப்புறம் அதைச் சொல்ல வேண்டியது அவரோட கடமை.

கஞ்சாவும் துப்பாக்கியும் ஒரே வீட்டுல

மாநிலத்துல சட்டப்படி சரின்னாலும் ஃபெடரல் சட்டம் ஒத்துக்காது, 4473லயே எச்சரிக்கை போட்டிருக்கு. ரெண்டுல ஒண்ணு.

"வீட்டுக்குள்ள வந்துட்டா சுடலாம்"

வீட்டுக்குள்ள புகுந்தவனை எதிர்த்து நிக்க உரிமை உண்டுங்கற கேஸில் டாக்ட்ரின்னு ஒண்ணைக் கேள்விப்பட்டு வந்துடறாங்க. டெக்சஸ் பீனல் கோடு 9.32ல, சட்டவிரோதமா பலத்தைப் பயன்படுத்தி உங்க வீட்டுக்குள்ள ஒருத்தன் புகுந்தா நீங்க பயந்தது நியாயம்னு சட்டமே எடுத்துக்கும், அது உண்மைதான். கலிஃபோர்னியாவுலயும் அதே மாதிரி ஒரு பிரிவு இருக்கு. ஆனா சட்டம் பாக்கறது அந்த நொடியில இருந்த ஆபத்தை. ஆபத்து முடிஞ்சா உங்க உரிமையும் முடிஞ்சது.

மினசோட்டாவுல 2012ல வீடு உடைச்சு வந்த ரெண்டு டீனேஜ் பசங்களை ஒருத்தர் பேஸ்மென்ட்ல காத்திருந்து சுட்டார், அடிபட்டு விழுந்த பிறகும் சுட்டார், எல்லாம் அவரே வெச்ச ரெக்கார்டர்ல பதிவாகியிருந்தது. ஆயுள் தண்டனை. மொன்டானாவுல 2014ல ஒருத்தர் கராஜ் கதவைத் திறந்து போட்டு உள்ள பர்ஸை இரையா வெச்சு, வந்த 17 வயசு ஜெர்மன் மாணவனைச் சுட்டார். 70 வருஷம். ரெண்டு பேருமே தன் வீட்டுலதான் இருந்தாங்க.

எனக்கு ரொம்ப வலிக்கறது லூசியானா, 1992. ஜப்பான்ல இருந்து வந்த மாணவன், ஹாலோவீன் பார்ட்டிக்குப் போறப்போ வீடு மாறி அழைப்பு மணி அடிச்சான், வீட்டுக்காரர் கத்தினது அவனுக்குப் புரியல, செத்துப் போயிட்டான். கிரிமினல் கேஸ்ல வீட்டுக்காரர் விடுதலை, சிவில் கேஸ்ல ஆறரை லட்சம் டாலருக்கு மேல கட்டச் சொன்னாங்க. உங்க வீட்டு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தெரிஞ்சே செஞ்ச காரியத்துக்குக் காசு தராது. அதை விடுங்க, ஊர்ல இருந்து வந்திருக்கற நம்ம அப்பாம்மாவை நெனைங்க. சாயந்திரம் வாக்கிங் போயிட்டு, ஒரே மாதிரி இருக்கற வீட்டு வரிசைல தப்பான கதவைத் திருகிட்டு நிக்கறது எத்தனை வீட்டுல நடந்திருக்கு? அவங்களும் இங்கிலீஷ்ல கத்தினா புரிஞ்சுக்க மாட்டாங்க. உங்க கதவுகிட்டயும் அப்படி யாரோட அப்பாவோ நிக்கலாம். அதனால முதல்ல டார்ச், துப்பாக்கி அப்புறம். முகம் தெரியாம சுடாதீங்க.

ஓடறவனைத் துரத்தறது

உள்ளேயே இருங்க. 911 கூப்பிடுங்க. நகை போனாப் போகட்டும்.

எச்சரிக்கைக்கு ஒரு குண்டு

கூடவே கூடாது.

போலீஸ் வர்றப்போ கைல துப்பாக்கி

வந்தவங்களுக்கு நீங்க யாரு, திருடன் யாருன்னு தெரியாது. துப்பாக்கிய வெச்சுட்டு, நீங்க என்ன சட்டை போட்டிருக்கீங்கன்னு போன்லயே சொல்லிடுங்க. தாக்கினாங்க, லாயரோட பேசறேன்னு சொல்லிட்டு நிறுத்திக்கோங்க. பதட்டத்துல மணிக்கணக்கா பேசினது எல்லாம் பின்னாடி கோர்ட்ல வரும்.

தலையணைக்கு அடில, துணி அலமாரி மேல

குழந்தைக்கு எட்டாதுன்னு சொல்றவங்க அந்தக் குழந்தை பிஸ்கட் டப்பாவை எப்படி எடுக்குதுன்னு பாத்ததில்லையா? பட்டன் பூட்டு இருக்கற சின்ன சேஃப், சுவத்துலயோ தரையிலயோ போல்ட் போட்டு. டெக்சஸ்ல லோடு பண்ணின துப்பாக்கியை 17 வயசுக்குக் கீழ இருக்கறவங்க கைக்கு எட்டற மாதிரி அலட்சியமா வெச்சு, அது அவங்க கைக்குப் போச்சுன்னா குற்றம். மிச்சிகன் ஆக்ஸ்ஃபோர்ட்ல 2021ல பள்ளிக்கூடத்துல சுட்ட பையனோட அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் 2024ல பத்துல இருந்து பதினஞ்சு வருஷம் ஜெயில் கிடைச்சது. வீட்டுல யாராவது மனசு உடைஞ்சு போயிருந்தா துப்பாக்கி அந்த வீட்டுலயே இருக்கக் கூடாது, இந்த நாட்டுல துப்பாக்கியால சாகறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை.

சேஃபோட நம்பர் பி2 விசாவுல வந்திருக்கற பெத்தவங்களுக்கோ எச்4ல இருக்கற மனைவிக்கோ தெரிஞ்சிருந்தா அவங்களும் வெச்சிருக்கறதாவே கோர்ட் எடுத்துக்கலாம். அவங்க வர்ற அன்னைக்கு நம்பரை மாத்துங்க. மனைவியும் கத்துக்கணும்னா மேல சொன்ன சட்டம் அவங்களுக்கும் முழுசாப் பொருந்தும்.

வேலை மாறிப் போறப்போ அப்படியே தூக்கிட்டுப் போறது

டெக்சஸ்ல வாங்கின, 15 தோட்டா பிடிக்கற மேகசின் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சில பத்துக்கு மேல போறதால தடை. நியூயார்க்ல வீட்டுக்குள்ள பிஸ்டல் வெச்சிக்கறதுக்கே லைசன்ஸ் வேணும். ஆஃபர் லெட்டர் வந்ததும் வாடகை வீடு தேடறதுக்கு முன்னாடி அந்த மாநிலத்து லாயர் ஒருத்தர்கிட்ட ஒரு மணி நேரம் பேசுங்க, அது முடியற வரைக்கும் சாமான் லாரியில சேஃபை ஏத்தாதீங்க.